ரேவதி எடுத்துக் கொடுத்த வரி

நம் பஜனைக் குழுவினருக்கு,

செவ்வாய்க்கிழமை காலை கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், மண்ணூர் கஸ்தூரி, மிருதங்கம் வாசிக்கும் ஏழுமலை அண்ணன், விழாக் குழுத் தலைவர். மாலை கட்டிக்கொண்டிருந்தோம். கஸ்தூரிக்குப் போன் வந்தது.

"ரேவதி செத்துப் பூட்டாளாம்க்கா. நெஞ்சு வலியாம்."

என் கையில் நார் அப்படியே நின்றது.

பகலில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியின் பேக்கிங் லைனில் நின்றவள். வல்லக்கோட்டைக்கு நாம் காவடி எடுத்தால் முன்னால் பாடுகிறவள். அவள் ஒரு வரி எடுத்துக் கொடுப்பாள், நாம் திருப்பிப் பாடுவோம். என்ன வரி என்று யோசிக்கிற வழக்கம் நமக்கு இல்லை.

அதில்தான் போன வருஷக் காவடியில் மாட்டிக்கொண்டோம். வேல், மயில் என்று போன பாட்டில் திடீரென்று எடுத்தாள்: "பஸ்ஸு நிக்கும் ஸ்டாப்புல லைட்டும் இல்ல முருகா, பொண்ணு ஒதுங்க கக்கூஸும் இல்ல முருகா!" அத்தனை பேரும் பக்தியோடு திருப்பிப் பாடினோம். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும்விட உரக்கப் பாடினார்; அரோகராவும் போட்டார். மூன்றாம் தடவைதான் அவருக்கு முகம் மாறியது.

மோர்ப் பந்தலில் நான் சண்டைக்குப் போனேன்.

"இன்னாடி இது, சாமி பாட்டுல கக்கூஸை இயுத்துகினு வர்ற?"

"ஷிப்டுக்குப் போற அன்னிக்கு, பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துல ஒதுங்க வழி இல்லன்னு நான் தண்ணியே குடிக்கிறது இல்லக்கா. லைன்ல பாதிப் பேரு அப்டிதான். மனுவா குடுத்தா மேசையில தூங்குது. பாட்டா குடுத்தா உங்க தலைவரே பாடறாரு, பாத்தீங்க இல்ல?"

விளக்கேற்றாமல் நானும் தண்ணீர் குடிப்பதில்லை. ஆனால் எனக்கு அது விரதம். அவளுக்கு?

அந்த வரியை ஸ்டாப்பில் நிற்கிற பெண்களும் பாட ஆரம்பித்தார்கள். அவள் பாட்டோடு விடவில்லை. மனு எழுதிக் கையெழுத்து வாங்கினாள், எல்லோரையும் பஞ்சாயத்து ஆபீஸுக்குக் கூட்டிப்போனாள், வாசலில் அதையே பாட வைத்தாள். வெறும் பாட்டென்றால் கைதட்டி அனுப்பியிருப்பார்கள். வெறும் மனுவுக்கு என்ன ஆகும் என்று அவளே சொல்லிவிட்டாள். இரண்டும் ஒன்றாகப் போய் நின்றபோதுதான் உள்ளே கூப்பிட்டார்கள்.

சொன்னது எது, நடந்தது எது என்று பிரித்துப் பார்க்கிறவள் நான். லைட் வந்தது. கழிப்பறைக்கு இடம் அளந்து கல் நட்டார்கள். இன்றைக்கும் கல்தான் நிற்கிறது.

இப்போது தலைவர் சொல்கிறார்: "கிருத்திகை அன்னிக்கு அவ நினைவா பாடலாம்மா. அந்த வரி மட்டும் வாணாம். மரியாதையா இருக்கட்டும்." நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள். எனக்கு ஆறவில்லை. அவள் படத்துக்கு மாலை போடுவோம், அவள் வாயை மூடுவோம். இதுவா மரியாதை?

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வரியைத்தான். கிருத்திகையன்று அதை நான் எடுத்துக் கொடுப்பேன். அவள் குரல் எனக்கு இல்லை. திருப்பிப் பாட ஆளில்லாவிட்டால் அது அங்கேயே நின்றுபோகும்.

பாடுவீர்களா, மாட்டீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.