மிஸ்யூ காகமும் ஒல்லாந்தர் பக்கமும்

மொன்றியலின் பார்க் மெட்ரோவில் ஏறியதிலிருந்து ஜொய்சி அக்கா வாயைத் திறக்கவில்லை. ஆனால் பேச்சு மட்டும் நிற்கவேயில்லை. எதிரே இருந்த மனிதர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, குரல் எங்கிருந்து வருகிறதென்று கூரையைப் பார்க்கிறார். "அங்க பாருங்கோ, மேல தேடுறார்!" என்கிறது அக்காவின் மடியிலிருக்கும் பாஸ்மதி அரிசிப் பை.

பைக்குள் இருப்பவர் மிஸ்யூ காகம், பிரெஞ்சு மரியாதையில் திருவாளர் காகம். கறுப்புக் கம்பளி உடம்பு, மர அலகு, சிவப்புக் குளிர்த்தொப்பி. தன் உதடு அசையாமல் காகத்தைப் பேச வைப்பதுதான் அக்காவின் வித்தை. ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டியே ஆக வேண்டும். அவற்றை நாக்கால் ஏமாற்றிச் சமாளிக்கிறார். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியில் இதுதான் பயிற்சி.

அக்கா மன்னாரில் பிறந்தவர், வயது ஐம்பத்தொன்று. வார நாட்களில் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறார். சனி, ஞாயிறில் பிறந்தநாள் வீடுகள், கோயில் விழாக்கள், நூலகங்கள். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் காகம் வாய்காட்டும். "இந்த வயசில பொம்மையோட என்ன விளையாட்டு?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று மொழியில் சிரிக்க வைக்கிற இன்னொருவரை இந்த ஊரில் காட்டுங்கள் பார்ப்போம் என்பேன் நான். அக்கா தன்னைப் பற்றி அதைக்கூடச் சொல்லமாட்டார்.

அவரிடம் ஒரு நீலமட்டைக் கொப்பி உண்டு. எந்தச் சனத்துக்கு முன்னால் எப்படி நடக்க வேண்டும் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். "எங்கட ஆக்கள்: ஆறு மணியெண்டால் ஏழரை. சாப்பாடு திறக்க முந்தி முடிச்சுப் போட வேணும்." "கெபெக் பிரெஞ்சுக்காரர்: பொன்ஜூர் சொல்லாமல் ஒண்டும் தொடங்கக் கூடாது." இப்படி எல்லாருக்கும் அரைப் பக்கம். ஒல்லாந்தருக்கு மட்டும் நாலு பக்கம்!

அந்த நாலு பக்கமும் நகரின் மேற்கே கர்க்லாண்டில் ஒரு ஒல்லாந்துக் குடும்பத்தின் வீட்டில், ஒரே பின்னேரத்தில் அக்கா படித்த பாடம்.

"பிறந்தநாள் பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லிப் போட்டு நிண்டன். தாய் கையை நீட்டிக்கொண்டு நிக்கிறா. தகப்பன் நிக்கிறார். சித்தப்பனும் நிக்கிறார்! பிள்ளை பிறந்ததுக்கு அவருக்கும் வாழ்த்துச் சொல்ல வேணுமாம்."

பிறகு கோப்பி வந்தது. தாய் பிஸ்கற் டப்பாவைத் திறந்து நீட்டினார். அக்கா மரியாதைக்கு "வேண்டாம்" என்றார். "எங்கட ஆக்கள் எண்டால் மூண்டு தரமாவது கேப்பினம் தானே? மூண்டாந்தரம் எடுப்பம் எண்டு இருந்தன். டக்கெண்டு மூடிப் போட்டா! காலமை தொடங்கிச் சாப்பிடேல்லை, தம்பி. மன்னாரில கோட்டையைப் பிடிச்சு வச்சிருந்த சனம், ஒரு பிஸ்கற்றுக்கு ரெண்டாந்தரம் கேக்காதாம்!"

இதை அவர் சொல்லும்போது நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று சிரிக்கவில்லை. காட்சி முடிந்ததும் அந்தத் தாய் நேரே வந்து, "முதல் பத்து நிமிடம் அலுப்பு. பிறகு நன்றாயிருந்தது," என்று சொல்லிவிட்டாராம். கர்க்லாண்டிலிருந்து வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதபடி வந்தார். திங்கட்கிழமை அதே காட்சியைக் கார்டெரிப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பார்த்தார். நாலாவது நிமிடத்தில் ஒரு பிள்ளை சப்பாத்தைக் கழற்றத் தொடங்கியது. அன்றைக்கே அந்தப் பத்து நிமிடத்தையும் வெட்டி எறிந்தார்.

கொப்பியில் இப்படி இருக்கிறது: "எழும்பி நிண்டு கை தட்டினால் தலை வீங்கக் கூடாது, எல்லாருக்கும் எழும்புவினம். வந்து குறை சொன்னால் கவனமாப் பாத்திருக்கினம். வேண்டாமெண்டால் வேண்டாமெண்டே நம்புவினம். விருப்பமெண்டால், ஓம் எண்டதுக்கு அவையின்ர பாஷையில 'யா'. முதல் தரமே சொல்லிப் போட வேணும்." கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.

இந்த மே மாதம் ஒல்லாந்திலிருந்து ஒரு பொம்மலாட்ட விழாக் குழு மொன்றியலுக்கு வந்தது. பன்னிரண்டு பேரின் காட்சியைப் பார்த்து ஒருவரைத் தங்கள் நாட்டு விழாவுக்கு அழைத்துப் போவார்கள். அக்கா தானே கடிதம் எழுதி இடம் பிடித்தார். "எல்லா இடமும் கேக் வெட்டும் வரைக்கும் சனத்தை வச்சிருக்கிற ஆள் நான். ஒருக்கா எண்டாலும் என்னைப் பாக்கவெண்டு சனம் வந்து இருக்க வேணும்," என்றார். இவ்வளவு ஆசையை உள்ளே வைத்திருந்தாரென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நானும் கூடப் போனேன். அந்தக் குழுவின் மரைக்கா என்ற உயரமான பெண்மணி முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு, இருபது நிமிடமும் சிரிக்காமல் பார்த்தார். முடிந்ததும் வந்து அக்காவுக்கு முன்னால் அமர்ந்தார். "தொடக்கத்தில் உங்கள் பிரெஞ்சுக்காக மன்னிப்புக் கேட்டீர்கள். அது தேவையில்லை. கதவுக் காட்சி நீளம். காகம் குளிரைத் திட்டுகிற இடம் மோசமில்லை," என்றார் ஆங்கிலத்தில்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவோ முகம் மலர்ந்து, காகத்தை மடியில் வைத்தபடியே கொப்பியைத் திறந்து, "முதலாவது கதவோ, ரெண்டாவதோ?" என்று விசாரித்து எழுதினார். அவருக்குப் பக்கத்தில் இருக்கிறேன் என்பதே எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது!

மரைக்கா தன் தடித்த நாட்குறிப்பில் ஒக்டோபர் பக்கத்தை விரித்து, பேனாவைத் திறந்தார். "ஒக்டோபரில் எங்களிடம் வருகிறீர்களா?"

நாலு பக்கம் எழுதி வைத்தவர்தான். என்றாலும் ஐம்பது வருட வளர்ப்பு வாய்க்கு முந்திக்கொண்டது. "ஐயோ, நோ, நோ… என்னைவிட நல்லாச் செய்யிற ஆக்கள் எவ்வளவு பேர்!" என்றார் அவசர ஆங்கிலத்தில். இன்னொரு தரம் கேளுங்கள் என்பதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். மரைக்காவுக்கு அது எப்படித் தெரியும்? "சரி," என்று தலையாட்டிப் பேனாவை மூடி, பக்கத்தைப் புரட்டினார்.

அக்காவின் முகம் வெளிறிப் போனது. பிஸ்கற் டப்பா மூடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"யா," என்றது மடியிலிருந்து ஒரு கரகரத்த குரல்.

மரைக்கா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்காவின் உதடு அசையவில்லை. மிஸ்யூ காகம் மெல்லக் கழுத்தை நீட்டி, புரட்டிய பக்கத்தை அலகால் கவ்வி, மறுபடி ஒக்டோபருக்குத் திருப்பி, அது மூடிவிடாதபடி அதன்மேல் தலையை வைத்துக்கொண்டது.