அண்ணி பார்த்த ஆறு படங்கள்

என் அண்ணிக்கு ஆபீசில் ஆமை என்று பெயர். வைத்தவள் நான்தான், மறைப்பானேன்? அவள் பல் விளக்கி முடிப்பதற்குள் நான் சமைத்து, துவைத்து, ஒரு சண்டையும் போட்டு முடித்துவிடுவேன்.

அண்ணி பத்து வருஷம் சட்டைக் கம்பெனியில் தையல் பிசகு பார்த்தவள். பிறகு கடல் கண்காணிப்பு ஆபீசில் சேர்ந்தாள்; என்னையும் சேர்த்துவிட்டாள். கரையோரக் கோபுரங்களில் சாதாரணக் கேமரா, சூட்டைக் காட்டும் கேமரா, ரேடார் எல்லாம் உண்டு. அவை அனுப்புவதைக் கம்ப்யூட்டர் பார்த்து, தட்டுப்பட்டதைச் சுற்றிக் கட்டம் போட்டு, படகு, பறவை, குப்பை என்று ஏதாவது சொல்லும். சரியா தப்பா என்று நாங்கள் தட்ட வேண்டும். நான் ஒரு நாளைக்கு அறுநூறு தட்டுவேன். அண்ணி இருநூறைத் தாண்டினால் அன்றைக்கு மழைதான். மேலாளர் திட்டித் திட்டி ஓய்ந்துபோனார்.

போன மாதம், மரப் படகில் மீன் பிடிக்கப் போன என் வீட்டுக்காரர் மத்தியானம் திரும்ப வேண்டியவர், மறுநாள் காலையாகியும் வரவில்லை. தேடும் படகு வடக்கே போயிருந்தது. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஆபீசுக்கே ஓடினேன். கடலை முழுசாகப் பார்க்க அதைவிட்டால் வேறு இடம் ஏது? இஞ்சின் சூடு சிவப்புப் புள்ளியாகத் தெரியும், அதைத்தான் தேடினேன். அவ்வளவு தூரத்தில் மனுஷச் சூடெல்லாம் தெரியாது. கம்ப்யூட்டர் குப்பை என்று காட்டியதையெல்லாம் சரி, சரி என்று தட்டித் தள்ளிக்கொண்டே போனேன்.

பக்கத்து நாற்காலியில் அண்ணி. நான் தள்ளியதில் ஒன்றை எடுத்து, அடுத்தடுத்து எடுத்த ஆறு படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒருத்தி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன், உனக்குக் குப்பையை ஆராயத்தான் நேரமா என்று கத்தினேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"குப்பைன்னா அலை திருப்புற பக்கமெல்லாம் திரும்பும். இது ஆறு படத்துலயும் கூர்ப்பக்கத்த அலைக்கு நேரா வச்சிருக்கு. முன்னாடி வலையக் கட்டி எறக்கி யாரோ படகக் கவுறாம புடிச்சிருக்காங்க. இஞ்சின்தான் செத்திருக்கு, ஆளு சாகல."

நான் தள்ளியதை மறுபடி திறக்கப் போனேன். முடித்ததை மறுபடி திறந்தால் ஆபீசில் எல்லாருக்கும் வேலைக்குப் போடும் மார்க் குறையும் என்று மேலாளர் இழுத்தார். அண்ணி அவரைத் தாண்டிப் போய் போனை எடுத்து, தேடும் படகுக்கு இடத்தைச் சொல்லிவிட்டாள். படகு தெற்கே திரும்பியது. ஆளைத் தூக்கியாச்சு, உசுரோட இருக்கார் என்று பதில் வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

உதடு வெடித்து, உடம்பெல்லாம் உப்புப் பூத்துப் படகுத்துறையில் இறங்கினார். எனக்கு மறைக்கத் தெம்பில்லை.

"உங்களக் குப்பைன்னு தட்டுனதே நான்தாங்க."

அவர் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "அதத்தான் வீட்டுல தினம் சொல்றாளே. நீங்க ஏன்க்கா நம்பல?"

"இவ சொன்னத நான் என்னைக்கு நம்பியிருக்கேன்?" என்றாள் அண்ணி.

துறையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கும். அன்றைக்கு அண்ணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன், அத்தனையும் சந்தோஷம்.