அக்காவின் கணினி எழும்பிய நேரங்கள்

நீல அட்டை போட்ட அப்பியாசக் கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் முதற் பக்கத்தில் 'திங்கள் காலை, மூன்று நிமிடம் நாற்பது செக்கன்' என்று எழுதியிருக்கிறேன். வெள்ளவத்தையில் என் அக்காவின் மடிக்கணினி தூக்கத்திலிருந்து எழும்ப எடுத்த நேரம் அது. அதன் கீழே அடுத்த பதினொரு நாட்களின் நேரங்கள் வரிசையாக இருக்கின்றன. எதையும் நாளும் நேரமும் போட்டு எழுதிவைப்பவன் நான். எழுதிவைத்ததெல்லாம் விளங்கிவிட்டதாகவும் அப்போது நினைத்திருந்தேன்.

அக்கா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் தனியே இருந்து, வெளிநாடு போகிறவர்களின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் பெயர்த்து முத்திரை குத்திக் கொடுப்பார். அந்தப் பழைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்துவிட்டு அவருடைய மகன் வெளிநாடு போயிருந்தான். மின்வெட்டுக் காலத்தில் பழகியபடி, அக்கா கணினியை நிறுத்துவதில்லை. திறந்திருப்பதையெல்லாம் அப்படியே வன்வட்டில் எழுதிவைத்துத் தூங்கச் செய்வார். காலையில் அது அவ்வளவையும் திரும்ப வாசித்து எழும்ப வேண்டும். "உது எழும்புறதுக்குள்ள நான் தேத்தண்ணி குடிச்சுப் பேப்பரும் பாத்து முடிச்சிடுவன்" என்று ஒருநாள் போனில் அலுத்துக்கொண்டார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய், மூடியைத் திறந்து நேரம் பிடித்தேன். "என்ன தம்பி, மெஷினுக்குச் சாதகம் எழுதுறியோ?" என்றார். வட்டைச் சோதித்தேன், பழையது, ஆனால் பழுதில்லை. அமைப்புகளைப் பார்த்தேன், பிழையில்லை. கணினியின் பதிவுகளை வாசித்தபோதுதான் காரணம் தெரிந்தது: நேரம் முழுவதும் திரும்ப வாசிப்பதிலேயே போனது. முப்பத்துநான்கு சாளரங்கள் திறந்திருந்தன. அவற்றை வரிசைப்படி கொப்பியில் எழுதினேன். ஒரே பிறப்புச் சான்றிதழின் படம் நான்கு இடங்களில் இருந்தது. பக்கத்தில் 'வீண் பாரம்' என்று குறித்தேன்.

மூடச் சொன்னேன். "மூடினா நான் எங்க நிண்டனான் எண்டு தெரியாமப் போயிடும்" என்றார். சோம்பல் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா கோயிலுக்குப் போயிருந்தார். நான் எல்லாவற்றையும் திகதிவாரியாகச் சேமித்து மூடினேன். தூங்கச் செய்து எழுப்பினேன்: முப்பத்தொரு செக்கன். அவர் வந்ததும் பெருமையோடு காட்டினேன். "கெதியா எழும்புது" என்றார். கைப்பையைக்கூட இறக்காமல் அந்த வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, நான் ஆருடைய வேலை செய்துகொண்டு இருந்தனான்?" நான் சிரித்துக்கொண்டே கோப்புறையைக் காட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தபோது, மட்டக்குளியிலிருந்து ஒரு தாய் மூன்று மாடி ஏறி வந்தார். முந்தின நாள் அக்கா கொடுத்த உறையில் வேறு யாருடையவோ சான்றிதழ் இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. "நாளைக்குத்தான் மிஸ் பிள்ளைக்கு இன்டர்வியூ" என்று மட்டும் சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டார். மகளின் சான்றிதழ் நான் சேமித்து மூடிய கோப்புறையில் பெயர்க்கப்படாமலே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நான்கு இடங்களில் திறந்திருந்தது அதுதான்.

அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அவர் ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. ஒரு திருத்தமும் வேண்டியிருக்கவில்லை. தாய் போன பின் அக்கா முத்திரையைத் துடைத்துத் தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"இனி ஏலாது தம்பி. மறக்கக்கூடாது எண்டுதான் நாலு தரம் திறந்து வைச்சனான்."

இப்போது அக்கா எங்கள் வீட்டில் இருக்கிறார். கணினி யன்னலோரம் இருக்கிறது. அவர் வந்த மறுநாள், கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முப்பத்துநான்கையும் அதே வரிசையில் திறந்துவைத்தேன், அந்த நான்கையும் சேர்த்து. காலையில் அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார். புதிய வட்டுப் போட்டால் விரைவாக எழும்பும் என்று மருதானையில் ஒரு கடைக்காரர் சொன்னார். வாங்கலாம். எதையும் திருத்தப் போக எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

இன்று காலையும் மூடியைத் திறந்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். வட்டின் சிறு விளக்கு மினுங்கியது.

"எழும்பிட்டுதோ?"

"இன்னும் இல்லை, அக்கா."

"ஆறுதலா எழும்பட்டும்."

மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு செக்கன். கொப்பியில் எழுதினேன். பக்கத்தில் குறிப்பு எதுவும் போடவில்லை.