எப்போது தொடக் கூடாது

கனடாவின் சாஸ்கடூனில் தானியக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் விளக்கக் குறிப்பு எழுதுகிறவள் வெர்னா பெட்ரிஷின். அதற்கு முன் பாதி ஆயுளை அறுவடை இயந்திரங்களுக்குக் கையேடு எழுதியே கழித்தவள். அவற்றை ஒரு ஜீவனும் படித்ததில்லை. இயந்திரம் நின்றுவிட்டால் விவசாயி முதலில் அதை உதைப்பான், பிறகு மச்சானுக்குப் போன் போடுவான். கையேடு இருக்கைக்கு அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கிடக்கும்.

அதனால் ஏ.ஐ. ஏஜென்ட் வரப்போகிறது என்றதும் ஆபீஸ் முழுக்க வேலை போய்விடுமோ என்று பயப்பட, வெர்னாவுக்கு மட்டும் சந்தோஷம். கோதுமை லாரியோடு எந்த நேரத்துக்கு வரலாம் என்று விவசாயிகள் கேட்டால் இனி அந்த ஏஜென்ட்தான் பதில் சொல்லும். நேரம் பதிவு செய்ய ஒரு கருவி, நாள் மாற்ற ஒன்று, பதிவை விட்டுக்கொடுக்க ஒன்று என்று அதன் கையில் பல கருவிகள். எதை எப்போது எடுப்பது என்று அதற்குச் சொல்வது வெர்னாவின் குறிப்புதான். எழுதியதை ஒரு வரி விடாமல் படித்து, எழுதியபடியே நடக்கும் வாசகர் தலை நரைத்த பிறகுதான் அவளுக்குக் கிடைத்தார்.

ஒவ்வொரு கருவிக்கும் அது என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதுவாள். எப்போது தொடக் கூடாது என்பதற்கு மட்டும் நாள் கணக்கில் மெனக்கெடுவாள். விட்டுக்கொடுக்கும் கருவிக்கு அவள் எழுதியது இது: "விட்ட நேரம் திரும்பக் கிடைக்காது. நாள் மாற்றக் கேட்பவருக்கு இதைத் தொடாதே. மற்றவர்களிடமும் கேட்டு, சரி என்ற பிறகே பயன்படுத்து."

அவளை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவன் புரோகிராமர் கோரி ஃப்ரீசன். மனைவி பிரிந்துபோன குளிர்காலம் முழுக்க அவன் உருப்படியாகச் சாப்பிட்டது வெர்னா வீட்டு உருளைக்கிழங்கு பூரணம் வைத்த பெரோகிக் கொழுக்கட்டை மட்டும்தான். அவள் இருந்தது ஒப்பந்த வேலையில். அறுவடை முடிந்ததும் நிரந்தரம் என்று மேலாளர் ஜானிஸ் சொல்லியிருந்தாள். இந்த வயதில் வேறு வேலை தேடி அலைய முடியாது என்பதால் வெர்னா அதை நம்பித்தான் இருந்தாள்.

கிடங்கு முதலாளிகளுக்கு ஏஜென்டை ஓட்டிக் காட்டிய அன்று அது வார்த்தைக்கு வார்த்தை "விட்டுவிடவா, சரியா?" என்று கேட்டது. இதற்குப் போனே தேவலை என்று ஒருவர் முகம் சுளித்தார். கோரி அந்தக் கருவியின் எச்சரிக்கையை முழுதாக வெட்டி எறிந்தான்; நாள் மாற்றக் கேட்பவர் பற்றிய வரியும் அதோடு போனது. வெர்னாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அறுவடை உச்சத்தில் மழை வரும் என்றார்கள். விவசாயிகள் தங்கள் பதிவை முந்தைய நாளுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார்கள். ஏஜென்ட் இருந்த நேரத்தை முதலில் விட்டுக்கொடுத்துவிட்டு, அப்புறம் புது நாள் தேடியது. புது நாள் இல்லை, பழையதும் போய்விட்டது. லாரிகள் வாசலோடு திரும்பின. கோதுமை மழையில் நனைந்தது.

மறுநாள் காலை கார் நிறுத்துமிடத்தில் கோரி அவளுக்காகக் காத்து நின்றான்.

"வெர்னா, அந்த வரிய எடுத்தது நான்தான். கூட்டத்துல நானே சொல்லிடறேன். நீ வாயத் திறக்க வேணாம்."

அவள் நம்பினாள். பெரோகி போட்ட கை, நம்பாமல் என்ன செய்யும்?

தவறு நடந்தால் எல்லாரும் உட்கார்ந்து அலசுவது அங்கே வழக்கம். அதற்கு ஒரே விதி, ஆள் பெயரைச் சொல்லக் கூடாது. அமைப்பில் எங்கே ஓட்டை என்று மட்டும் பேச வேண்டும். வெர்னாவுக்குப் பிடித்த விதி அது. ஏஜென்ட் ஏன் அந்தக் கருவியை எடுத்தது என்று ஜானிஸ் கேட்டாள். கோரி காப்பிக் கோப்பையையே பார்த்தபடி நிதானமாகச் சொன்னான்.

"கருவியோட குறிப்புல தெளிவு பத்தல."

குறிப்பு எழுத ஒரே ஒருத்தி இருக்கும் ஆபீசில் இதற்கு மேல் பெயர் எதற்கு? அந்த வரி இருந்தது, யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று வெர்னா பெயர் சொல்லாமலே சொன்னாள்.

"யாருன்னு போக வேணாம், வெர்னா. நம்ம வழக்கம் தெரியும்ல?" என்றாள் ஜானிஸ், பரிவாகத்தான்.

கூட்டத்தின் முடிவு எல்லாருக்கும் வந்தது. காரணங்களில் ஒரு பெயரும் இல்லை. ஆனால் செய்யவேண்டிய வேலைக்குப் பொறுப்பாளர் வேண்டுமே. "குறிப்பைத் தெளிவாக்குவது: வெர்னா." அந்தப் பக்கத்திலேயே இருந்த ஒரே பெயர் அதுதான். நிரந்தர வேலையைப் பற்றிக் குளிர்காலம் போகட்டும், பார்க்கலாம் என்று ஜானிஸ் தனியே சொன்னாள். பார்க்கப்போவதில்லை என்று வெர்னாவுக்குப் புரிந்தது. எரிச்சலில் பழைய வரிகளையே எழுத்து மாறாமல் தட்டி அனுப்பினாள். சரிபார்க்கவேண்டியவன் கோரி. "இப்ப தெளிவா இருக்கு" என்று ஒப்புதல் வந்தது.

சாயங்காலம் அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"மனசுல வச்சுக்காத, வெர்னா. யாரும் உன் பேர சொல்லலையே. என் பேரயும் சொல்லல. விதி அப்படி."

வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்தவங்க பேரச் சொல்லக் கூடாதுன்னுதான் விதி, கோரி. உன் பேர நீ சொல்லிக்கறத யாரு தடுத்தா?"