நான் இறங்கினால் உரசாத கார்

திருமயம் போகிற சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பழைய கார் விற்கும் கடையின் தகரக் கூரை பின்னால் சிறியதாகிக்கொண்டே வந்தது. மாலை வெயில் வலது கன்னத்தில் அடித்தது. தோளில் என் பை. சட்டைப் பையில் ஒரு காய்ந்த பூ. புதுக்கோட்டைப் பக்கம் போகலாமா, திருமயம் பக்கம் போகலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. கேட்டைத் தாண்டியதும் கால் எந்தப் பக்கம் திரும்பியதோ அந்தப் பக்கம் போனேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு சிவப்புக் கார் என்னைக் கடந்து போனது. தரையோடு தரையாகப் போகிற கார். உள்ளே ஒரே ஒரு ஆள். ஹாரன் அடிக்கவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. அதை ஓட்டிய அம்மாவிடம் ஒரு மணி நேரம் முன்பு வரை நான் டிரைவராக இருந்தேன்.

அவர் அன்னவாசல் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு திருமயத்தில். கணவர் துபாயில். இருபத்தாறு வருடம் இரண்டு பஸ் மாறி, பாதி நாள் நின்றுகொண்டே போய் வந்திருக்கிறார். அதில் இடது முட்டி போய்விட்டது. ரிட்டயர் ஆக நான்கு வருடம் இருக்கும்போது, தினமும் ஓட்டிப் போக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டார். பழைய கார்தான். கடைக்காரர் கோயம்புத்தூரில் பந்தயம் ஓட்டுகிற பையன்களிடமிருந்து இரண்டு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இரண்டும் ஜப்பான் வண்டிகள். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு.

நான் ஆக்டிங் டிரைவர். கூப்பிட்ட நாளைக்கு மட்டும் போகிறவன். வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"டீச்சரம்மா, குடும்பத்துக்கு ஏத்த வண்டி அங்கிட்டு நிக்கிது, பாருங்க," என்றார் கடைக்காரர். "இந்தச் சிவப்புல ஏறுறது ஈசி. எறங்கத்தான் ரெண்டு ஆளு கை குடுக்கணும்."

"இருபத்தாறு வருசம் மெதுவாப் போயிட்டேங்க. மிச்சம் நாலு வருசம் வேகமாப் போறேன்," என்றார் டீச்சர். பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, உள்ளதச் சொல்லிர்றேன். வெள்ளைல கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு. என் காலு தாங்காது. அத எடுத்தா நீங்கதான் ஓட்டணும். மாசச் சம்பளம். ஷெட்டுக்குப் பக்கத்துல ஒரு ரூம் இருக்கு, ஃபேன் இருக்கு. சிவப்பு ஆட்டோமேட்டிக். எடது காலுக்கு வேலையே இல்ல. அத எடுத்தா நானே ஓட்டிக்குவேன். ஒங்களுக்கு வேலை இருக்காது. அதுக்காகப் பொய் சொல்லிராதீங்க."

"சொல்ல மாட்டேன் டீச்சர்," என்றேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. வல்லத்திராக்கோட்டையில் பிறந்து, ஒன்பதாம் வகுப்பை முடிக்காமல் கிளம்பியவன். லாரியில் கிளீனர், திருப்பூரில் பனியன் கம்பெனி, மஸ்கட்டில் கார் கழுவும் வேலை, பிறகு போர்வெல் வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராக. எந்த வேலையிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. யாரும் துரத்தியதும் இல்லை, நானாகத்தான் கிளம்புவேன். ஆனால் அந்த வருடம் உடம்பு ஒரே இடத்தில் கிடக்க ஆசைப்பட்டது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்து எழுந்தால் இடுப்பு நிமிர அரை மணி நேரம் ஆனது. ஃபேன் இருக்கிற ஒரு அறை என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது.

வெள்ளையை முதலில் ஓட்டினேன். நல்ல என்ஜின். தரையிலிருந்து உயரமும் சிவப்பைவிடக் கொஞ்சம் கூடுதல். அடுத்து சிவப்பு. பக்கத்தில் டீச்சரை உட்காரவைத்து அன்னவாசல் வரை போனோம். பள்ளிக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருக்கிறது. யாரோ கோபத்தில் போட்டது போன்ற உயரம். அதில் ஏறி இறங்கும்போது காரின் வயிறு தேய்ந்தது. பல்லைக் கடிக்க வைக்கிற சத்தம்.

"அய்யோ," என்றார் டீச்சர். "தெனம் ரெண்டு தடவ இதத் தாண்டணுமே."

"ஒராளு மட்டும் போனா எப்படின்னு பாக்கலாம் டீச்சர். நீங்க ஓட்டுங்க."

நான் இறங்கி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மெதுவாக ஏற்றினார். காரின் அடிவயிறு தடைக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் கடந்து போனது. நன்றாகப் பார்த்தேன். என் எடை இல்லாமல் போனதால் அந்த இரண்டு விரல்.

கண்ணாடியை இறக்கி, சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு கேட்டார். "ஒரசலைல்ல?"

"லேசா ஒரசுச்சு டீச்சர்."

"எனக்குக் கேக்கலையே?"

"உள்ள இருந்தா கேக்காது. வெளில நின்னாத்தான் கேக்கும்."

சிரிப்பு நின்றது. திரும்பி வரும்போது நான்தான் ஓட்டினேன். ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் முன்னால் நிறுத்தச் சொன்னார். மத்தியான நேரம், பூசாரி இல்லை.

"மனசுக்குள்ள கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேன். சமமா வருது," என்றார். "சமமா வந்தா பூதான் போட்டுப் பாக்கணும். சிவப்புக்குச் செவ்வரளி, வெள்ளைக்கு நந்தியாவட்டை. நீங்க கட்டுங்க. கட்டுறவங்க எடுக்கக் கூடாது, நான் கண்ண மூடிக்கிட்டு எடுக்குறேன்."

கோயிலுக்குப் பின்னால் இரண்டு செடியும் இருந்தன. பூவரச இலையில் ஒரு பூவை வைத்து நாரால் கட்டினேன். இன்னொரு இலையில் இன்னொரு பூ. அரளிச் செடிப் பக்கம் நான் போகவே இல்லை. இரண்டும் நந்தியாவட்டை. பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. இரண்டு பொட்டலமும் ஒரே அளவாக வர வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டேன்.

அவர் கும்பிட்டு, கண்ணை மூடி, ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிறிது நேரம் அந்த வெள்ளைப் பூவையே பார்த்தார். "சரி, அவரு சொல்லிட்டாரு," என்று பிள்ளையாரைக் காட்டினார். மற்றப் பொட்டலத்தை, தண்ணீரில் விட்டுவிடுகிறேன் என்று சொல்லி நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாளே வெள்ளைக் கார் திருமயம் வந்தது. பெயர் மாற்றும் வேலை மட்டும் பாக்கி. எனக்கு அறை கிடைத்தது. ஃபேன் சத்தம் போட்டாலும் சுற்றியது. பையை மட்டும் அறையில் வைக்கவில்லை. வழக்கம்போல வண்டியின் டிக்கியில்தான் கிடந்தது.

முதல் நாள் காலை டீச்சர் கைப்பையோடு வந்து நேராக டிரைவர் பக்கக் கதவைப் பிடித்தார். பிறகு, "அட, மறந்துட்டேன்," என்று சுற்றிக்கொண்டு பின் சீட்டுக்குப் போனார். அந்த மாதிரிக் காரில் பின் சீட் பேருக்குத்தான். முட்டியை மடக்கிக்கொண்டு, கையால் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மூன்று நாளும் கண்ணாடியில் எனக்கு அந்த முட்டிதான் தெரிந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் தெரிந்தது.

நான்காம் நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து திரும்பும்போது, அந்த வேகத்தடையைத் தாண்டியதும் நிறுத்தச் சொன்னார்.

"ஒரே ஒரு தடவ மிதிச்சுப் பாக்குறேன் தம்பி. எறங்குங்க."

அவர் உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். பாதிகூடப் போகவில்லை. இரண்டாம் தடவை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எம்பி மிதித்தார். முகம் வெளுத்துவிட்டது. இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எதுக்கு இந்த ஆசை எனக்கு. பஸ்லயே போயிருக்கலாம்," என்று சிரித்தார்.

நான் நல்லவன் என்பதற்காக இதை எழுதவில்லை. ஒரு பொய்யை மாதக்கணக்கில் தூக்கிக்கொண்டு தினமும் போக வர ஓட்ட எனக்குத் தெம்பு இல்லை. அவ்வளவுதான். சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினேன்.

நாரை அறுத்துப் பிரித்தார். நந்தியாவட்டை பழுப்பாகிச் சுருங்கியிருந்தது. ஆனாலும் அதைச் செவ்வரளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"ரெண்டும் வெள்ளையா?"

"ஆமா டீச்சர்."

"அப்ப அன்னைக்கு ஒரசுச்சுன்னது?"

"ஒரசலை. ரெண்டு வெரல் எடம் இருந்துச்சு."

பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சைக்கிளில் போனார்கள். "வணக்கம் டீச்சர்," என்றார்கள். அவர் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"ஒம்பதாவது. பாதில நின்னுட்டேன்."

"நிகழ்தகவு ஒம்பதாவதுலதான் வரும். கடைசிப் பாடம். அது வரைக்குமாச்சும் இருந்திருக்கலாம். ரெண்டும் வெள்ளைன்னா எதுக்குய்யா கண்ண மூடச் சொல்லணும்?"

கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று சொன்னது அவர்தான். திட்டுவார் என்று காத்திருந்தேன். அதற்கு மேல் அவர் திட்டவில்லை. பூவை என் கையிலேயே வைத்தார்.

"இத நீங்களே வச்சுக்கங்க. வண்டிய எடுங்க, கடை சாத்துறதுக்குள்ள போகணும்."

அன்று அவர் முன் சீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்தார். கடைக்காரர், "இது என்ன டீச்சரம்மா, சேலையா மாத்திக் குடுக்க?" என்று முனகினார். ஆனாலும் சிவப்பு அங்கேதான் நின்றது. பேச்சு முடிவதற்குள் டிக்கியிலிருந்து பையை எடுத்தேன். டீச்சர் நான்கு நாள் சம்பளத்தை என் கையில் கொடுத்து, "நாளைக்கு வர வேணாம்," என்றார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அப்படித்தான் அந்தச் சாலையில் நடந்தேன். நமணசமுத்திரம் தாண்டி ஒரு சின்னப் பாலத்துக்காகச் சாலையில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேலையாட்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சோறு கேட்டேன், கொடுத்தார்கள். சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் மேஸ்திரி காலால் பையைத் தட்டி எழுப்பினார்.

"சும்மா சோறு திங்கலாமா? ஒராளு கொறையுது. கொடி புடிக்கத் தெரியுமா?"

"கட்சிக் கொடியா?"

"அதுன்னா கூலி சாஸ்தி, பிரியாணியும் உண்டு. இது ரோட்டுக் கொடிய்யா. பச்சையக் காட்டுனா விடணும், செவப்பக் காட்டுனா நிறுத்தணும். அங்கிட்டு ஒராளு நிப்பாரு, அவரப் பாத்துச் செய்யி."

இரண்டு கொடிகளையும் வாங்கிக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் மட்டும்தான் வழி. அதன் நடுவில் அன்று காலையில்தான் புதிதாக ஜல்லியும் மண்ணும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். பால் வண்டி, இரண்டு டவுன் பஸ், ஒரு டிராக்டர். எட்டு மணி வாக்கில் சிவப்புக் கொடியைப் பிடித்திருந்தபோது வரிசையில் முதலாவதாக அந்தக் கார் வந்து நின்றது.

டீச்சர் என்னைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். கண்ணாடி இறங்கியது.

"ஒரசுமா?"

நான் மேட்டுக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டேன். ஒரு பெரிய ஜல்லியைக் கையால் எடுத்து ஓரத்தில் போட்டேன். மறுபடி காரின் அடியைப் பார்த்தேன்.

"எடது பக்கமா ஏத்தி மெதுவாப் போங்க டீச்சர். நீங்க மட்டுந்தான இருக்கீங்க. ஒரசாது."

"நெசமாவா?"

"நெசமா."

அவர் ஒரு கணம் தயங்கினார். பச்சையைக் காட்டினேன். கார் மேட்டில் ஏறியது. நான் எழுந்திருக்கவில்லை, அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. ஆனால் உரசவில்லை. அந்தப் பக்கம் இறங்கி, புதுக்கோட்டையை நோக்கி வேகம் எடுத்தது.

"யோவ், எந்திரிய்யா! இங்கிட்டு பஸ்ஸு நிக்கிது!" என்று எதிர்ப்பக்கத்துக் கொடிக்காரர் கத்தினார். எழுந்து சிவப்பைத் தூக்கிப் பிடித்தேன்.