அடிக்குறிப்பில் இல்லாத ஆள்

என் டைரியில் கார்த்திகை இருபத்திரண்டாம் தேதிக்கு எதிரே ‘பூஜ்யம்’ என்று எழுதியிருக்கிறேன். வழக்கமாக அந்த இடத்தில் மழையளவு இருக்கும். அன்று அது என் மனைவியின் ஆய்வேட்டுக்குக் கிடைத்த எண். பிறர் எழுதியதோடு அது எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று ஒரு சாஃப்ட்வேர் பார்த்துச் சொன்னது.

அவள் திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. அருப்புக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். அந்த வட்டாரக் கண்மாய்களில் தண்ணீரை எப்படிப் பங்குவைத்தார்கள் என்பது அவளுடைய பகுதிநேர ஆய்வு. இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. மார்கழி பதினைந்தாம் தேதிக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து, அத்தனை வருட வேலையும் வீட்டில் ஒரு கட்டுக் காகிதமாகக் கிடக்கும். ஒத்துப்போகும் அளவு பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவளுடைய துறையின் விதி.

பூஜ்யம் என்றதும் அவள் டிடிபி கடைக்காரருக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். எனக்குச் சந்தேகம். முந்நூறு பக்கம் எழுதினால் பழமொழி, ஊர்ப்பெயர், அரசாணை வாசகம் என்று எதுவாவது எங்காவது ஒட்டத்தானே செய்யும். அறிக்கையை முழுதாக அச்செடுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன். உள்ளே தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகப் பக்கம் பக்கமாக ஓடியது. கடையில் பழைய ஃபாண்ட்டில் தட்டியிருக்கிறார்கள். திரையில் நமக்குத் தமிழாகத் தெரியும், மெஷினுக்கு அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். உலகத்தில் எவரும் எழுதியிராத கிறுக்கல் என்பதால் பூஜ்யம்.

கடைக்காரர் பாலவனத்தத்திலிருந்து வந்துபோகிறவர். எங்கள் டவுனில் பாதி ஆய்வேடுகள் அவர் கையால் ஆனவை. “இதுவரைக்கும் எல்லாருக்கும் பூஜ்யம்தான் சார் வந்துச்சு. யாரும் கொற சொன்னதில்ல” என்றார்.

“சந்தோசமா வந்தேன், கெடுத்தீக” என்றாள் மனைவி, என்னைப் பார்த்து.

“பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சா என்ன செய்வ?”

“அவுக கண்டுபிடிக்கட்டும்னு இருந்திருக்கலாம். வீட்டுக்குள்ளயே ஒரு ஆள் வச்சிருக்கேன்.”

அவள் சொன்னதும் நியாயந்தான். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கண்மாய் எந்தத் தேதியில் நிறைந்தது, மடை என்றைக்குத் திறந்தார்கள், யாருக்கும் யாருக்கும் சண்டை என்று நாற்பது நோட்டு எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் கொஞ்சத்தை ஒரு வலைப்பூவிலும் ஏற்றியிருக்கிறேன். அவளுடைய ஆய்வேட்டில் தேதிகளைத் திருத்தியதும் நான்தான். மூன்றாவது அத்தியாயத்தில் மட்டும் ஒரு திருத்தமும் வரவில்லை. “இதுதான் ஆய்வேட்டிலேயே நல்ல அத்தியாயம்” என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

யூனிகோடுக்கு மாற்ற ஐந்து நாள் பிடித்தது. மாற்றும் கருவி எழுத்துகளின் கொம்புகளை இடம் மாற்றிப் போட்டுவிடும். இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து சரிசெய்தோம். பிறகு அதே ஆய்வேட்டை ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் போட்டுப் பார்த்து டைரியில் கட்டம் போட்டு எழுதினேன். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது ஒன்று. ஒரு தடவைக்கு ஆயிரம் சொல்தான் விழுங்கும். அத்தியாயத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் போட வேண்டும், நடுவில் விளம்பரம் வந்து குதிக்கும். ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்ற தொடரையெல்லாம் சிவப்பில் காட்டியது. காலையில் பதினான்கு சொன்ன துண்டுக்கு மாலையில் ஆறு சொன்னது. கடையில் இருந்தது காசு கட்டி வாங்கியது. யூனிகோடில் கொடுத்ததும் அது பூஜ்யத்திலிருந்து இருபத்திரண்டுக்குப் போனது. ஆனால் மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் நூற்பட்டியலையும் சேர்த்தே எண்ணுகிறது. அவற்றை விலக்கச் சொல்ல வழியில்லை, அல்லது கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஒத்த வரி எங்கிருந்து வந்தது என்பதை இரண்டுமே காட்டவில்லை.

மூன்றாவது, பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பது. ஒப்படைக்கும் முன் அங்கே போய்ச் சோதித்துக்கொள்ளலாம். மார்கழி நான்காம் தேதி அவள் லீவு போட்டாள், நானும் கூடப் போனேன். அது இணையத்தோடு மட்டும் நிற்காமல் பழைய ஆய்வேடுகளோடும் ஒப்பிடும். மேற்கோளையும் நூற்பட்டியலையும் விலக்கிவிடும். தொடர்ந்து எத்தனை சொல் ஒத்தால் கணக்கில் எடுப்பது என்பதைக்கூட நூலகர் மாற்றி வைக்கலாம். விலக்க வேண்டியதையெல்லாம் விலக்கிய பிறகும் முப்பத்தேழு வந்தது.

நூலகர் நல்ல மாதிரி. “எண்ணைப் பாக்காதீங்கம்மா, நிறத்தைப் பாருங்க” என்று திரையைத் திருப்பினார். ‘இந்த ஆய்வேடு என்னுடைய சொந்த முயற்சியில் உருவானது’ என்ற உறுதிமொழிப் பக்கம் முழுக்கச் சிவப்பு. “இது எல்லாருக்கும் வரும், விட்டுருங்க” என்றார். மூன்றாவது அத்தியாயம் முக்கால்வாசி பச்சை. அந்தப் பச்சைக்கு உரிய மூலம் ஒன்றே ஒன்று. அவர் சுட்டியை அதன் மேல் வைத்தார். என் வலைப்பூவின் முகவரி.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்துவிட்டோம். எனக்குக் கோபம் இல்லை, அசதிதான். என் வாக்கியங்களை நானே நல்ல எழுத்து என்று பாராட்டியிருக்கிறேன். தேதி பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை.

“நாலு பேருதான் படிக்கிறாகன்னு சொன்னீகள்ல” என்றாள் அவள்.

“ஆமா.”

“அஞ்சாவதா இது வேற படிச்சிருக்கு.”

“என் நோட்டுல இருந்து எடுத்தேன்னு ஒரு வரி போட்டிருக்கலாம்ல?”

“வீட்டுல இருக்கறதுக்கு யாராவது அடிக்குறிப்பு போடுவாகளா? ஒங்க அரிசிய எடுத்து ஒல வச்சேன்னு எழுதுவனா?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சீமைக்கருவேலம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெல்லிய குரலில் சொன்னாள்: “போடணும்னுதான் எடம் விட்டு வச்சேன். பேரு எழுதணுமே.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தகவல் தந்தவர்கள் பட்டியல் இருக்கிறது. மடை திறந்தவர்கள், வீரசோழன் சந்தை வியாபாரிகள், ஆடு மேய்ப்பவர்கள் என்று அறுபது பேர், ஊரும் வயதும் போட்டு. அதில் நான் இல்லை. எங்கள் பக்கத்தில் புருசன் பேரைச் சொல்ல மாட்டார்கள். படித்தவள், விண்ணப்பங்களில் கணவர் பெயர் என்ற கட்டத்தை நிரப்புகிறவள்தான். ஆனால் கட்டத்துக்கு வெளியே என் பெயரை அவள் எழுதிப் பார்த்ததில்லை, வாயால் சொல்லியும் நான் கேட்டதில்லை. ‘இன்னார் கூறுகிறார்’ என்று பக்கத்துக்கு இரண்டு முறை எழுத அவளுக்குக் கூச்சம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளி, விட்ட இடமும் மூடிப்போயிருக்கிறது.

மறுநாள் கடையில் விஷயத்தைச் சொன்னோம். கடைக்காரர் அசரவில்லை.

“இதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு டீச்சர். சொல்லைப் பூராம் மாத்திக் குடுத்துரும். முப்பத்தேழ மூணாக்கிரலாம்.”

ஒரு பக்கத்தைப் போட்டும் காட்டினார். ‘மடை திறந்தார்கள்’ என்பது ‘வாயில் திறந்தனர்’ என்று வந்தது. கண்மாய் ‘நீர்த்தேக்கம்’ ஆகியிருந்தது. மடைக்காரர் வாயிற்காவலர் ஆகிவிட்டார்.

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான். ஒப்படைக்க இன்னும் பத்து நாள் இருந்தது. எனக்கு, உண்மையைச் சொன்னால், அதை ஏற்றுக்கொண்டுவிடலாம் என்றுகூட இருந்தது. அத்தனை களைப்பு. வலைப்பூவையே அழித்துவிடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன்.

“நீங்க அழிச்சாலும் அந்த மெஷினுக்குள்ள பதிஞ்சிருக்கும். அதுவும் போக, எழுதினது நீங்க. எதுக்கு அழிக்கணும்?” என்றவள், கடைக்காரரிடம் திரும்பி, “மூணாவது அத்தியாயத்த எடுங்க. நான் சொல்லச் சொல்ல மேற்கோள் குறி போட்டுக்கிட்டே வாங்க. கீழ அடிக்குறிப்பு” என்றாள்.

“பேரு சொல்லுங்க டீச்சர்.”

அவள் சொல்லவில்லை. கைப்பையைத் துழாவி பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதி நீட்டினாள். கடைக்காரர் விசைப்பலகை மேல் அதைச் சாய்த்து வைத்துத் தட்டினார். என்னை அவர் சார் என்றே அறிவார், பெயர் தெரியாது.

“பட்டியல்லயும் சேக்கணுமா? வயசு என்ன போடட்டும்? இவுக இருக்காகளா?”

“இருக்காக. வாசல்ல நின்னு கடிகாரத்தப் பாத்து டைரியில எழுதிக்கிட்டு இருக்காக.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுதியதை நிறுத்தவில்லை. காலை பதினொன்று இருபது.

திருத்தி முடிக்க நாலு நாள் ஆயிற்று. என் சொற்களாகவே இருக்க வேண்டியவற்றுக்கு மேற்கோள் குறி. மற்றவற்றை அவள் கண்மாய்க்கரைகளில் தானே நின்று கேட்டுவந்ததை வைத்துப் புதிதாக எழுதினாள். அந்தப் பக்கங்களில் நான் தேதி தவிர எதையும் தொடவில்லை. மார்கழி பதினான்காம் தேதி நூலகத்தில் மீண்டும் போட்டார்கள். மேற்கோள் விலக்கி, ஒன்பது. உறுதிமொழிப் பக்கம் அப்போதும் சிவப்பாகவே இருந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு ஒப்படைத்து ரசீது வாங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டாள்: “வாய்மொழித் தேர்வுல கேப்பாகளே. அத்தியாயம் பூராம் ஒரே ஆளா இருக்காரே, யாரு இவருன்னு.”

“என்ன சொல்லுவ?”

“மழைக் கணக்கு எழுதுறவருன்னு சொல்லுவேன்.”

“வீட்டுக்காரர்னு சொல்ல மாட்டியா?”

“அதச் சொன்னா, வீட்டு ஆளுக்கு எதுக்கு இம்புட்டு அடிக்குறிப்புன்னு கேப்பாக” என்றாள். அவள் குரல் பாதித் தூக்கத்தில் இருந்தது.