அப்பாவின் முதல் துவக்கு

அப்பா பழைய துவக்குகள் சேர்த்தார். ஒன்றாலும் சுட்டதில்லை. இந்த முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலரில் அவருடைய வேலை, கோயில் பணி, பேரப்பிள்ளைகள் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். முதல் துவக்கு வந்த கதை அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். அம்மா எழுதமாட்டா.

பெயர் மரியதாசன். ஊர் மட்டக்களப்பு. 1984இல் மொன்ட்ரியாலுக்கு வந்தோம். சென்ட் லோரன்டில் விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் லேத் வேலை கிடைத்தது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்தைக் குப்பையில் போடும் வேலை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

1987 வசந்தத்தில் அவருடைய மேற்பார்வையாளர் ரெஜான், ஒரு பழைய துவக்கைச் சுடவைக்கும் விசைப்பூட்டை வேலைக்குக் கொண்டுவந்தார். உள்ளே வில் உடைந்திருந்தது. மதிய இடைவேளையில் அப்பா அதைக் கழற்றினார். அன்று இரவுச் சாப்பாட்டில் வேறு கதை இல்லை.

"நூற்றிமுப்பது வருசத்துக்கு முந்தி ஒருத்தன் அரத்தால ராவியே இந்த அளவைப் பிடிச்சிருக்கான். நான் மிசினில பிடிக்கிற அளவு."

"சோறு ஆறுது" என்றா அம்மா.

ரெஜான் வீட்டில் இப்படிப்பட்ட பழைய துவக்குகள் இருபது இருந்தன. அப்பா போய்ப் பார்த்தார். சேர்க்கத் தொடங்குகிறவன் மலிவாக உடைந்த மூன்றை வாங்காமல் முழுதாக ஒன்றை வாங்க வேண்டும் என்றாராம் ரெஜான். மண்ணிறமாகப் படிந்த பழந்துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் முதல், உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூறு வருடமாக நிரப்பியபடியே கிடக்கும் துவக்குகளும் உண்டு.

மே மாதம் ஒரு ஞாயிறு பழம்பொருள் சந்தையில் அப்பா ஒன்றைக் கண்டார். ஒற்றைக் குழல். வாய்ப்பக்கத்தால் மருந்தை இடித்து நிரப்பும் வகை. மரக்கோலைக் குழலுக்குள் விட்டு, குழல் வாயருகே விரலால் அளவு பிடித்து, அதே அளவைக் குழலின் வெளியே வைத்துப் பார்த்தார். கோல் அடிவரை போயிருந்தது. வெறுங்குழல். வாங்கிச் சாரத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

அம்மா வாசலிலேயே மறித்தா. எங்கள் அகதி விசாரணைக்கு ஐந்து கிழமை இருந்தது.

"அகதியெண்டு வந்த வீட்டில துவக்கு. விசாரணையில கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"வடிவா இருந்திச்சு, வாங்கினன் எண்டு சொல்லுவன்."

"நீக்கிலாப்பிள்ளை அண்ணனை மறந்திட்டீங்க."

அப்பா மறக்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை அம்மாவின் அண்ணன். வயலில் பன்றி விரட்ட லைசென்ஸ் துவக்கு வைத்திருந்தவர். அரசாங்கம் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னபோது பொலிசில் கொடுத்துவிட்டு, ரசீதுத் துண்டு வாங்காமல் வந்துவிட்டார். அடுத்த இராணுவச் சுற்றிவளைப்பில் துவக்கு எங்கே என்றார்கள். துண்டு இல்லை. ஏழு மாதம் உள்ளே இருந்தார்.

ஆகவே இருவரும் ஒன்றை முடிவு செய்தார்கள். மறுநாளே துவக்கைப் பொலிசில் காட்டி ஒரு துண்டு வாங்குவது. ரெஜானைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கேட்கத் தோன்றவில்லை. எங்களுக்குத் துவக்கு என்றால் துண்டு.

அப்பா குழலை அதன் மரப்பிடிக் கட்டையிலிருந்து கழற்றினார். குழல் அவர் கையில், கட்டை அம்மாவின் பையில். பிரெஞ்சு பேச நான். எனக்குப் பதினேழு வயது.

"முதல்ல சொல்லு. பேந்துதான் அவிழ்ப்பம்" என்றார் அப்பா.

சொன்னேன். கவுண்டரில் இருந்த பொலிஸ்காரர் சாரத்தை மெதுவாக விலக்கிப் பார்த்தார். குழலைத் திருப்பினார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். அப்பாவின் முகம் தெளிந்தது. பேனையை வாங்கினார். நான் படிவத்தை வாசித்தேன். கடைசி வரியில் 'அழிப்பதற்காக ஒப்படைக்கப்படுகிறது' என்று இருந்தது.

"அப்பா, இது குடுத்துவிடுற படிவம். உருக்கிப்போடுவாங்களாம்."

பேனை நின்றது.

"வைச்சிருக்கிறதுக்கு ஒரு துண்டு கேள்."

கேட்டேன். அப்படி ஒன்று இல்லை. இவ்வளவு பழையதற்கு அனுமதி தேவையில்லை, மணிக்கூடு மாதிரிச் சுவரில் மாட்டலாம் என்றார். அதையாவது எழுதித் தரச் சொன்னேன். எழுத என்ன இருக்கிறது என்றார்.

அப்பா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"துண்டில்லாம வீட்டுக்குக் கொண்டுபோகேலாது. கையெழுத்து வைக்கிறன்."

"கொஞ்சம் பொறுங்க" என்றா அம்மா. என்னிடம் திரும்பினா. "வீட்டுக்கு வந்து தேடி, துண்டு எங்க எண்டு கேப்பாங்களா? கேள்."

பொலிஸ்காரருக்குக் கேள்வி விளங்கவில்லை. "நாங்கள் ஏன் உங்கள் வீட்டுக்கு வரப்போகிறோம்?" என்றார்.

சொன்னேன். அம்மா திருப்பிக் கேட்கச் சொன்னா. அவர் அதையே சொன்னார்.

"பகிடி விடல்லையே?"

"இல்லை அம்மா, உண்மையாத்தான் சொல்றார்."

அம்மா அவருடைய முகத்தை நன்றாகப் பார்த்தா. பிறகு அப்பாவின் கையிலிருந்து பேனையை எடுத்துக் கவுண்டரில் வைத்தா.

"அப்ப எதுக்குக் குடுக்கிறீங்க? சுத்துங்க."

அப்பா சுற்றினார். பொலிஸ்காரர் படிவத்தைக் கிழித்துப் போட்டார்.

வீட்டில் அப்பா அதை அலுமாரிக்குப் பின்னால் செருகப் போனார்.

"ஒளிச்சு வைக்கிறதெண்டா வேணாம்" என்றா அம்மா. "வாறவங்க எல்லாரும் பாக்கட்டும்."

முன்னறைச் சுவரில் மாட்டினோம். ஒரு பக்கம் சரிந்திருக்கிறது என்று அம்மா இரண்டு முறை கழற்றி மாட்டச் சொன்னா. மேல்வீட்டு அக்னெஸ் வந்து பார்த்துவிட்டு, "மனோகரி, இனி இவரோட சண்டை பிடிக்கேக்க யோசிச்சுப் பிடி" என்றா. அம்மா சிரித்தா. விசாரணையில் ஒருவரும் துவக்கைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல அப்பா ஒரு பதில் தயாராக வைத்திருந்தார், அதைச் சொல்லக் கிடைக்காதது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அடுத்த துவக்குக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். பிறகு வந்தவற்றில் நான்கு அம்மா தெரிவு செய்தவை. கட்டையின் மரத்தைப் பார்த்து எடுப்பா. அந்த நான்கில் எதைப் பற்றியும் அப்பா ஒரு குறை சொன்னதில்லை, ஒன்றின் விசைப்பூட்டு அதனுடன் வந்ததல்ல, பிறகு யாரோ மாற்றியது என்று அவருக்குத் தெரிந்தும்.